காத்தாடி கழற்றிய ஸ்டோரில் ஐந்து பாடல்கள்

புதிதாக வரும் ஹெவி மெட்டல் குழுக்களால் அந்த இசையைத் தொடங்கியவர்களை எட்டவே முடியாது என்று இரண்டு வருடங்களுக்கு முன் இதே பக்கத்தில் எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்காகத்தான் கடந்த நவம்பர் மாதம், மழை விட்டும் விடாமலும் இருந்த ஒரு சனிக்கிழமை, மாத்தளைக்குப் போக நேர்ந்தது.

என் கட்சி இதுதான். எனக்கு இருபது வயதில், பல்கலைக்கழக விடுதி அறையில், நகலுக்கு நகல் எடுத்த ஒரு கசெட்டில் அந்தப் பழையவர்களை முதன்முதலாகக் கேட்டேன். மெதுவாக, பாரமாக, இரும்பை இழுத்துக்கொண்டு யாரோ படியேறி வருவது போல இருந்தது. எனக்குப் பயம் வந்தது. பாட்டை நிறுத்திவிட்டுக் கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்த்தேன். அதன் பிறகு வந்த குழுக்கள் இன்னும் வேகமாக வாசிக்கின்றன, இன்னும் சுத்தமாக, இன்னும் சத்தமாக. எதுவும் என்னைக் கதவைப் பார்க்க வைக்கவில்லை. தொடங்கியவர்கள் தொழிற்சாலைகளின் பக்கத்தில் வளர்ந்தவர்கள் என்று சொல்வார்கள். அந்த இரைச்சல் அவர்கள் காதுக்குள் இருந்தது. பிறகு வந்தவர்களின் காதுக்குள் இருப்பது முன்னவர்களின் பாட்டு மட்டும்தான். இப்படி எழுதியிருந்தேன்.

ஒக்டோபர் கடைசியில் திலகா என்ற பெண் செய்தி அனுப்பினாள். வயது இருபத்தேழு. யட்டவத்தப் பக்கம் மலையிலுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள், அங்கேயே முன்பள்ளி ஆசிரியை. மூன்று பேர் கொண்ட ஒரு குழுவில் பாடுகிறாள், கிட்டார் வாசிக்கிறாள். "நவம்பர்ல கட்டார் போறேன் அக்கா, ஆஸ்பத்திரி துப்புரவு வேலைக்கு. எங்க கிட்ட அஞ்சு பாட்டு இருக்கு. ஒழுங்கா எங்கயும் பதியல. நான் போயிட்டா அதுவும் போயிரும். நல்ல ரெக்கோடர் ஒண்ணு வச்சிருக்கேன்னு ஒரு கட்டுரையில எழுதியிருந்தீங்க. கொண்டு வாங்க. கேட்டுட்டு அப்புறம் முடியாதுன்னு எழுதுங்க." கடைசி வரி எனக்குப் பிடித்திருந்தது. பாட்டு பிடிக்கும் என்று நினைக்கவில்லை.

கண்டியிலிருந்து காலை 7.10க்குத் தனியார் பஸ். இருபத்தாறு கிலோமீற்றர், ஒரு மணி ஐந்து நிமிடம், 120 ரூபா. ரயிலும் உண்டு, ஆனால் நேரம் ஒத்துவராது. பஸ்ஸில் இடது பக்கம் உட்காருங்கள், வலது பக்கம் கூரை ஒழுகும். மாத்தளை பஸ் நிலையத்துக்கு வெளியே ஓர் ஓட்டோவின் பின் இருக்கையில், மழைக்கோட்டு போர்த்திய ஏதோ ஒன்று மனிதரைப் போலச் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. கிட்டப் போனால் பேஸ் கிட்டார். ஓட்டுநர் ரவி, திலகாவின் ஒன்றுவிட்ட அண்ணன், குழுவின் பேஸ் வாசிப்பாளர்.

"நீங்கதானா அந்த முடியாது அக்கா?" என்றார்.

அதன் பிறகு நாள் முழுவதும் எனக்கு அதுதான் பெயர்.

மாத்தளையிலிருந்து தோட்டத்துக்குப் பதினேழு கிலோமீற்றர், ஐம்பத்தைந்து நிமிடம். யட்டவத்த வரை வழுவழுப்பான காப்பெட் ரோட், அதற்கு மேல் கல்லும் தண்ணீரும். ஓட்டோவுக்குப் பொதுவாக 1,900 ரூபா. எவ்வளவு என்று ரவியிடம் கேட்டேன்.

"பாட்டு நல்லா இல்லன்னா ஆயிரத்துத் தொள்ளாயிரம் குடுங்க. நல்லா இருந்தா ரெட்டிப்பு."

"அப்படியானால் நான் பொய் சொல்வதுதான் லாபம்."

"உங்களுக்குப் பொய் வராதுக்கா. வந்தா அப்பிடி எழுதியிருப்பீங்களா?"

யட்டவத்த கடைத்தெருவில் சோற்றுப் பார்சல்கள் வாங்கினோம். டிரம்ஸ் வாசிக்கும் சப்ரான் அங்கே ஒரு வேனுடன் காத்திருந்தார். மாத்தளை நகரத்துப் பிள்ளை, சித்தப்பா முறையான சாச்சாவின் கறுவா, கராம்பு வாசனைச் சரக்குக் கடையில் வேலை. வேனும் கடையுடையது. டிரம்ஸுக்குள்ளேயே கராம்பு வாசம் வந்தது. "இத அடிச்சா தும்மல் வரும் மேடம், அதான் எங்க ஸ்பெஷல்" என்றார் சப்ரான். சிரிப்பு வரவில்லை என்று காட்டிக்கொண்டேன்.

யட்டவத்தைக்கு மேலே ஏழாவது வளைவில் பனி இறங்கியது. முன்னால் போன வேனின் சிவப்பு விளக்கு மட்டும் தெரிந்தது, பிறகு அதுவும் இல்லை. தேயிலை அடர்ந்து மரமாகிக் கிடந்தது. யாரும் கொழுந்து பறிப்பதில்லை என்று அதைப் பார்த்தாலே தெரியும். வழியில் இறங்கி நடந்த இருநூறு மீற்றரில் இரண்டு அட்டைகள் காலில் ஏறின.

தோட்டத்தில் முதலில் என்னைத் தடுமாற வைத்தது குரல்கள். லயத்து வாசலில், தொழிலாளர் வரிசை வீடுகளின் முன்னால், நின்ற ஒரு நடுத்தர வயதுப் பெண், என்னிடமிருந்து இரண்டு முழத் தூரத்தில், பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் நிற்பவரைக் கூப்பிடுவது போல, "டீ குடிக்கிறீங்களாம்மா!" என்று கத்தினார். ஏதோ தப்பு செய்துவிட்டேன் என்று நினைத்தேன். பக்கத்து வாசலில் இரண்டு பேர் தோள் உரசி நின்றபடி அதே உரத்த குரலில் வெங்காய விலையைப் பேசிக்கொண்டிருந்தார்கள். வேறு எந்தச் சத்தமும் இல்லை. பனியில் பறவை கூட இல்லை. அந்த அமைதிக்குள் எல்லோரும் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"செல்லமணி அத்தை கோவமா பேசலக்கா" என்றார் ரவி. "மேல பாருங்க, அதான் ஸ்டோரு."

தேயிலைத் தொழிற்சாலையை இங்கே ஸ்டோர் என்பார்கள். லயத்துக்கு நேர் மேலே, தகரச் சுவரோடு மூன்று மாடியாகப் பனிக்குள் நின்றது. கொழுந்தை வாட்டும் பெரிய காத்தாடி அதில் இரவு பகலாக ஓடிய காலத்தில், அந்த இரைச்சலுக்கு மேலே பேசித்தான் இந்த லயத்தில் எல்லோரும் வளர்ந்தார்கள். ஸ்டோரை மூடி ஐந்து வருடம். குரலை யாரும் குறைக்கவில்லை.

திலகா ஸ்டோருக்குள் நின்றிருந்தாள். ஒல்லியான பெண், முன்பள்ளிக்குக் கட்டும் சேலையிலேயே வந்திருந்தாள். அவளுக்கு முன்னால் சுவரில் ஓர் ஆள் உயரத்துக்கு வட்டமான ஓட்டை. அதன் வழியாகப் பனி உள்ளே வந்துகொண்டிருந்தது. பக்கத்தில் காவல்காரர். சிங்களவர், எல்லோருக்கும் பண்டா மாமா.

"திங்கக்கெழமதானே லொறி வர்றதாச் சொன்னாங்க மாமா!" என்றாள் திலகா.

"நான் என்ன செய்றது மகள், விடியக்காலையிலேயே லொறி வந்துட்டது தானே. மோட்டர், காத்தாடி, ஒக்கம, எல்லாம் ஏத்திட்டாங்க."

இயந்திரங்கள் ஒவ்வொன்றாகப் பழைய இரும்புக்குப் போய், கடைசியாக மிஞ்சியிருந்தது அந்த ஒரு காத்தாடி. அது போனால் என்ன என்று எனக்கு விளங்கவில்லை. திலகா விளக்கினாள், அதே லயத்துக் குரலில்.

இவர்களிடம் சுருதி பார்க்கும் கருவி ஒருநாளும் இருந்ததில்லை. ரவியும் திலகாவும் முதல் கிட்டாரை வாங்கியபோது காத்தாடி ஓடிக்கொண்டிருந்தது. அந்த முனகலுக்குத்தான் அடிக் கம்பியைக் கட்டினார்கள். மற்றக் கம்பிகளை அதிலிருந்து. ஸ்டோர் மூடிய பிறகும், ஒத்திகை நடக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் பண்டா மாமா ஒரு நிமிடம் சுவிட்சைப் போடுவார், இவர்கள் கம்பியைக் கட்டிக்கொள்வார்கள், அணைத்துவிடுவார். ஒத்திகை முடிந்ததும் கம்பி அறாமலிருக்க எல்லாவற்றையும் தளர்த்தி வைப்பது வழக்கம். ஆகவே அன்று காலை இரண்டு கிட்டாரிலும் சுருதி இல்லை.

"எந்தச் சுருதியில் வாசித்தால் என்ன? போனில் ஒரு செயலி இருக்கிறது, ஐந்து நிமிட வேலை" என்றேன்.

மறுக்க நேரமில்லை. திலகாவுக்குச் செவ்வாய்க்கிழமை விமானம். பண்டா மாமா நான்கு மணிக்கு மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போவார், அதில் மாற்றமில்லை. என் போனைப் பார்த்து வழக்கமான சுருதிக்குக் கட்டி, 11.40க்கு முதல் பாட்டை வாசித்தார்கள். நான் ரெக்கோடரைப் பிடித்தேன்.

நன்றாக வாசித்தார்கள். அதுதான் பிரச்சினை. முடிந்ததும் மூவரும் என்னைப் பார்த்தார்கள்.

"நன்றாக இருக்கிறது. ஆனால் இதை நான் முப்பது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்" என்றேன்.

சொல்லியிருக்க வேண்டாமோ என்று உடனே பட்டது. திலகா கிட்டாரைக் கழற்றித் தரையில் வைத்தாள். "எனக்கும் யாரோ பாடுற மாதிரித்தான் இருந்திச்சு" என்றாள். ரவி தகரச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "ஸ்டோரு பாடல" என்றார்.

கற்பனை என்று ஒதுக்கப் பார்த்தேன். நான் படித்தது பௌதிகம். ஆனால் யோசித்தால், இவ்வளவு இரும்பும் தகரமும் உள்ள கட்டடம் ஒரு குறிப்பிட்ட சுருதிக்கு அதிரும், மற்றவற்றுக்கு அதிராது. இவர்கள் பாட்டை ஆறு வருடமாக அந்த அதிர்வோடு சேர்த்தே கட்டியிருக்கிறார்கள். அவர்களுடைய போனிலிருந்த பழைய ஒத்திகைப் பதிவுகளைக் கேட்டோம். வெறும் கரகரப்பு, செயலியின் ஊசி எங்கும் நிற்கவில்லை. கம்பியை மெல்ல முறுக்கியும் தளர்த்தியும் தேடிப் பார்த்தோம். ஒரு சுருதிக்கு ஜன்னல் நடுங்கியது, இன்னொன்றுக்குக் கூரைத் தண்ணீர்ப் பீலி. எது அந்த இடம் என்று மூவருக்கும் மூன்று கருத்து. சப்ரான் கூட பகிடியை நிறுத்திவிட்டார்.

ஒரு மணிக்குக் கீழேயிருந்து செல்லமணி, "டீ ஆறுதுடீ திலகா!" என்று கத்தினார். அந்தக் குரலைக் கேட்டபோதுதான் எனக்குத் தோன்றியது. இந்த மனிதர்களுக்குள் காத்தாடி இன்னும் நிற்கவில்லை.

நான்கு பேரும் கீழே போனோம். ஒருவர் முனகுவது மற்றவருக்குக் கேட்கக்கூடாது என்பதில் நான் கண்டிப்பாக இருந்தேன். முதலில் செல்லமணி வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். உள்ளே அவரும் மூன்று வயதுப் பேத்தியும். பெரிய காத்தாடி எப்படிச் சத்தம் போடும், வாயை மூடிக்கொண்டு முனகிக் காட்டுங்கள் என்றேன்.

"இதுக்குத்தான் கண்டியிலருந்து வந்தீங்களா!" என்று சிரித்தார். பிறகு கண்ணை மூடினார். சிரிப்பு முகத்திலிருந்து போய்விட்டது. ஒரு தட்டையான, மூச்சு விடாத முனகல் வந்தது. செயலியின் ஊசி ஜி என்ற சுரத்துக்கும் அடுத்த ஜி ஷார்ப்புக்கும் நடுவில், ஜியிலிருந்து முப்பத்தைந்து கோடு தள்ளிப் போய் நின்றது.

மூன்றாவது வாசலில் முகம் மழித்துக்கொண்டிருந்த மனிதர்: முப்பத்துநான்கு. கடைசி வீட்டில் ரொட்டிக்கு மா பிசைந்துகொண்டிருந்த பெண்: முப்பத்தாறு. ஒருவர் அடிக்குரலில், இன்னொருவர் மேற்குரலில், ஆனால் ஊசி ஒரே இடத்தில். நோட்டில் எழுதும்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த நாட்டு மின்சாரத்தில் ஓடும் மோட்டார்கள் முனகுவது ஏறக்குறைய அந்த இடத்தில்தான். காலையிலேயே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். விளக்கம் கிடைத்ததில் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

குடையை எடுக்கத் திரும்ப செல்லமணி வீட்டுக்குப் போனேன். பேத்தி மூலையில், பிளாஸ்டிக் கோப்பையில் வாயை வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் முனகிக்கொண்டிருந்தாள். கையில் போன் இருந்தது. முப்பத்தைந்து.

"நீங்கள் முனகியதைக் கேட்டுச் செய்கிறாளா?"

"இல்லம்மா! தூக்கம் வந்தா எப்பவும் இப்பிடித்தான்! யாரும் சொல்லிக் குடுக்கல!"

அவள் பிறந்தது ஸ்டோர் மூடிய பிறகு. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு நிமிடம் கேட்டிருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பக்கத்தில் மின்மாற்றி ஏதாவது இருக்கிறதா என்று வெளியே வந்து தேடினேன். அரைக் கிலோமீற்றர் கீழே, ஓட்டோ ஏறி வந்த வளைவில் ஒன்று இருந்தது. லயத்தில் நின்றால் அது கேட்காது.

ஸ்டோருக்குத் திரும்பி, 2.05க்குத் திலகா அடிக் கம்பியை முப்பத்தைந்துக்குக் கட்டினாள். ரவியும் கட்டினார். ஒரே ஒரு முறை இருவரும் சேர்ந்து இழுத்தார்கள்.

முதலில் காலுக்குக் கீழே வந்தது. பிறகு தூண்கள். பிறகு மூன்று மாடித் தகரமும், எதிர்ச் சுவரிலிருந்து தொடங்கி, பெரிய மிருகம் ஒன்று புரண்டு படுப்பது போல அதிர்ந்தது. மேல் உத்திரங்களிலிருந்து மண்ணிறத் தூசி பொழிந்தது. முகர்ந்தால் தேயிலை. ஐந்து வருடத்துக்கு முந்திய தேயிலை என் சட்டைக் கையில், ரெக்கோடரின் மேல், திலகாவின் தலைமுடியில். சப்ரான் உண்மையிலேயே தும்மினார், அந்தத் தும்மலிலேயே முதல் அடியைப் போட்டார்.

அவள் தமிழில் பாடினாள். "இரும்பு மூச்சு விடுது, எழும்ப யாரும் இல்ல." கத்தவில்லை. லயத்துக் குரலில், இரைச்சலுக்கு மேலே பேசுகிற அதே குரலில், சாதாரணமாகச் சொன்னாள். ஆனால் இப்போது மேலே பேசுவதற்கு ஓர் இரைச்சல் இருந்தது. மூன்றாவது பாட்டில் நான் திரும்பிப் பார்த்தேன். எதற்கு என்று நினைவில்லை. பார்த்தது அந்த வட்ட ஓட்டையை. அதில் பனி மட்டும், உள்ளே வராமல், வாசலில் நிற்பது போல நின்றது. முப்பது வருடத்துக்குப் பிறகு நான் கதவைப் பார்த்திருந்தேன்.

சில பாட்டுகளை இரண்டு தடவை பதிந்தோம். ஐந்தாவது பாட்டின் கடைசி ஒலி 3.59க்குத் தொடங்கியது. அது ஓய்வதற்குள் பண்டா மாமா மெயின் சுவிட்சை இறக்கினார். ஒலிபெருக்கி ஆம்புகள் செத்தன, ஒரே ஒரு பல்பும் அணைந்தது. ரவியும் திலகாவும் கம்பிகளை உள்ளங்கையால் அமர்த்தினார்கள். சப்ரான் சிம்பலைப் பிடித்து நிறுத்தினார். காதுக்குள் இரைகிறது என்று நினைத்தேன். இவ்வளவு சத்தத்துக்குப் பிறகு அது இயல்பு. ஆனால் மூவரும் ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு பண்டா மாமா, "ஹரி, சரி, இப்ப நின்னுட்டது" என்று சொல்லிவிட்டுச் சாவியை எடுத்தார். எது என்று யாரும் கேட்கவில்லை.

திலகாவுடன் லயத்து வழியாக இறங்கினேன். செல்லமணி வாசலில் நின்றார். இரண்டு முழத் தூரம்தான். "முடிஞ்சிருச்சாம்மா?" என்று கேட்டார். அவ்வளவு மெல்லிய குரலில் கேட்டதால் எனக்கு முதலில் காதில் விழவில்லை. வரிசை முழுவதும் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள், நோயாளி தூங்கும் வீட்டில் பேசுவது போல. திலகா என் கையைப் பிடித்தாள். பிடி வலித்தது.

மாத்தளை பஸ் நிலையத்தில் ரவிக்கு 3,800 ரூபா கொடுத்தேன். எண்ணிப் பார்த்துவிட்டு, "கணக்கு சரிதான்" என்றார், சிரிக்காமல்.

மறுநாள் வீட்டில் பதிவைக் கேட்டேன். என் ரெக்கோடர் பற்றரியில் ஓடுவது, மெயின் சுவிட்சுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மின்சாரம் போன பிறகு, கம்பிகள் அமர்ந்த பிறகு, பதினொரு செக்கன் ஒரு முனகல் இருக்கிறது. முப்பத்தைந்தில். அதன் பிறகு அது மெல்ல மெல்லக் கீழிறங்கி, ஒரு பெரிய காத்தாடியை அணைத்தால் சுற்றிச் சுற்றி ஓய்வது போல ஓய்ந்து, நிற்கிறது. கட்டடத்தின் எஞ்சிய அதிர்வு என்று எழுதிவைத்தேன். எஞ்சிய அதிர்வு மெலியும், சுருதி இறங்காது. அதையும் எழுதிவைத்தேன்.

போக நினைப்பவர்களுக்கு. ஜனவரியில் தகரங்களையும் கழற்றிவிட்டார்கள் என்று ரவி சொன்னார், ஆகவே ஸ்டோரைப் பார்க்கப் போகாதீர்கள். தோட்டத்துக்குள் நுழைய முன்கூட்டி அனுமதி கேட்க வேண்டும். மலைப்பாதைக்கு மட்டும் போவதானால் மாத்தளையை எட்டரைக்குள் விட்டுவிடுங்கள், யட்டவத்தைக்கு மேலே சாப்பாட்டுக்கடை இல்லை. அட்டைக்குச் சவர்க்காரத்தைக் காலில் தேய்த்துக் காயவிடுங்கள், உப்பைவிட நல்லது. லயத்தில் யாராவது உங்களைப் பார்த்துக் கத்தினால், அது டீக்கு அழைப்பு. ஐந்து பாடல்களையும் அவர்களே இணையத்தில் ஏற்றியிருக்கிறார்கள். கடைசிப் பாட்டின் முடிவை வெட்ட வேண்டாம் என்று நான்தான் கேட்டுக்கொண்டேன்.

போன வாரம் கட்டாரிலிருந்து திலகாவின் குரல் செய்தி வந்தது. "அக்கா! விடுதி ரூம்ல பழைய ஏசி ஒண்ணு ஓடுது! ஊசி வச்சுப் பாத்தேன், முப்பத்தஞ்சு! வந்து ரெண்டு மாசமா தூக்கமே இல்ல, இந்த ரூமுக்கு மாத்தினாங்க, இப்ப நல்லாத் தூங்குறேன்! கூட இருக்கிற புள்ளைங்கதான் ஏன் இப்பிடிக் கத்துறன்னு ஏசுதுங்க! ஆறாவது பாட்டு பாதி வந்திருச்சு! இப்பவும் முடியாதுதானா, முடியாது அக்கா?"

அங்கேயும் இங்கேயும் மின்சாரம் ஒரே துடிப்பில் ஓடுகிறது, அதனால்தான் என்று எனக்குத் தெரியும். போனைக் காதிலிருந்து கை நீட்டிய தூரத்தில் பிடித்துக்கொண்டு இரண்டாவது தடவையும் கேட்டேன். பிறகு அந்தப் பழைய கட்டுரையைத் திறந்து, அந்த ஒரு வரியின் மேல் கோடு போட்டேன். அழிக்கவில்லை. போய்ப் பார்க்கலாம், கோட்டுக்குக் கீழே இன்னும் வாசிக்க முடியும்.